16 பிட் எடைச் சீட்டும் லினக்ஸ் கெர்னலும்: 2011 முதல் என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பம் நடத்தும் செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தில், லோரிகளுக்கு எடைச் சீட்டு அச்சிடும் நிரல் விண்டோஸ் 3.1 காலத்தில் எழுதப்பட்ட 16 பிட் நிரலாகும் (எண்களையும் முகவரிகளையும் 16 இருமை இலக்கங்களாகக் கையாளும் பழைய வகை). அதை எழுதிக் கொடுத்தவர் அத்தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூல நிரலும் எங்களிடம் இல்லை. ஆனால் சிறுதோட்டக்காரர்களின் கணக்கு, கழிவு பிடிக்கும் முறை, மூன்று படிகளாக வரும் கார்பன் தாளில் ஒவ்வொரு எண்ணும் விழ வேண்டிய இடம் என அனைத்தும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 2011-இல் பழைய கணினி பழுதானபோது வாங்கிய புதிய கணினியில் 64 பிட் விண்டோஸ் இருந்தது. அது 16 பிட் நிரல்களைத் திறக்காது. அதனால்தான் நான் லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கும், அதன்மேல் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைனுக்கும் வந்தேன். அன்று முதல் இன்றுவரை அந்த அமைப்போடுதான் எங்கள் தொழில் நடக்கிறது.

முதல் இடையூறு அதே ஆண்டிலேயே வந்தது. எடைக் கருவியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடையைப் படித்துக் கோப்பில் எழுதும் 32 பிட் லினக்ஸ் நிரல் ஒன்றைக் கருவி விற்றவர் தந்திருந்தார். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிப்பு எண் 2.6 என்றுதான் தொடங்கும் என்று அது எதிர்பார்த்தது. 2011 ஜூலையில் 3.0 வெளிவந்து, நான் அதற்கு மாறியதும் நிரல் தொடங்க மறுத்துவிட்டது. உண்மையில் எண்ணைத் தவிர அதைத் தடுக்கும் மாற்றம் எதுவும் கெர்னலில் இல்லை. இப்படித் தடுமாறும் நிரல்களுக்காகவே, 3.0 என்பதை 2.6.40 என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வசதியைக் கெர்னலில் சேர்த்தார்கள். செட்ஆர்ச் என்னும் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்து அந்த நிரலைத் தொடங்கினால் போதும். நான் இன்றும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

2014-இல் நடந்தது அவ்வளவு எளிதானதன்று. ஒரு புதுப்பிப்பை இரவில் நிறுவிவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தால், எடைச் சீட்டு நிரல் திறக்கவே இல்லை. எடைமேடைக்கு வெளியே லோரிகள் நின்றன. எங்கள் லோரி ஓட்டுநர் சன்னலருகே வந்து, "தம்பி, சீட்டு இல்லாம மில்லுல குலைய எறக்க விடமாட்டாங்க, வெயில் ஏறுது பாருங்க" என்றார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடி விலை குறையும். அன்று கையால் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மதியம் பழைய கெர்னலிலிருந்து கணினியைத் தொடக்கிய பின்னரே மூச்சு வந்தது.

காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் இந்தப் பழைய வசதிகளைக் காப்பது எத்தனை நுணுக்கமான வேலை என்பது புரிந்தது. ஸ்டேக் என்பது நிரல் தன் தற்காலிக எண்களை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி; அதில் இப்போதுள்ள இடத்தைக் காட்டும் முகவரியே ஸ்டேக் சுட்டி. 16 பிட் ஸ்டேக்கில் ஓடும் நிரலுக்குக் கெர்னல் திரும்பிச் செல்லும்போது பயன்படுத்தும் மையச் செயலியின் ஐரெட் கட்டளை, ஸ்டேக் சுட்டியின் கீழ் 16 பிட்டுகளை மட்டுமே மீட்டுத் தரும். அதற்கு மேலுள்ள 16 பிட்டுகளில் கெர்னலின் சொந்த ஸ்டேக் முகவரியின் ஒரு துண்டு அப்படியே தங்கிவிடும். சாதாரணப் பயனர் ஒருவர் அதைப் படித்துக் கெர்னலின் உள்முகவரியை ஊகிக்க முடியும் என்பதால், 64 பிட் கெர்னலில் 16 பிட் செக்மென்ட்டுகளையே (அத்தகைய நிரல்கள் ஓடும் நினைவகப் பகுதிகளை) தடை செய்தார்கள். வைனில் பழைய நிரல்களை ஓட்டுபவர்கள் முறையிட்டதும், விரும்புபவர்கள் மட்டும் திறந்துகொள்ளும்படி கெர்னலின் 3.15 பதிப்பில் ஓர் அமைப்பைக் கொடுத்தார்கள். பிறகு 3.16-இல் முறையான தீர்வு வந்தது: ஒவ்வொரு மையச் செயலிக்கும் மிகச் சிறிய ஸ்டேக் ஒன்றை ஒதுக்கி, அதையே படிக்க மட்டும் முடிகிற வகையில் பல முகவரிகளில் தெரியச் செய்து, அதன் வழியாகத் திரும்புவார்கள். அப்போது மேல் பிட்டுகளில் இருப்பது நிரலுக்குச் சொந்தமான எண்ணே. கெர்னலின் ரகசியம் கசியாது. உலகில் மிகச் சிலரே பயன்படுத்தும் ஒரு வழிக்காக இவ்வளவு உழைத்தவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். எங்கள் நிலையத்தில் சீட்டு அச்சாகும் ஒவ்வொரு முறையும் கெர்னல் அந்தச் சிறிய ஸ்டேக்கின் வழியாகத்தான் திரும்புகிறது.

பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்ற விதியில் லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு கண்டிப்பானவர் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பழையவை அனைத்தையும் சுமந்துகொண்டிருப்பதே அந்த விதி என்று நினைத்தால் தவறு. அவர் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே இன்டெலின் 386 மையச் செயலியில்தான். அதற்கான ஆதரவை 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். 386-இல் சில அடிப்படைக் கட்டளைகளே இல்லை. எழுதக் கூடாது என்று காக்கப்பட்ட நினைவகப் பக்கங்களிலும் கெர்னல் நிலையில் எழுதிவிட முடியும். இக்குறைகளுக்காகப் புதிய செயலிகளுக்கான நிரலிலும் சிக்கல் சேர்ந்துகொண்டே போயிற்று. அந்த நீக்கத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். பயன்படுத்துபவர் ஒருவர் இருக்கும்வரை ஒரு வசதி நிற்க வேண்டும். எவருமே இல்லாதபோது போக வேண்டும். ஆகவே பயன்படுத்துபவர்கள் வாய் திறந்து சொல்வது அவசியம். 2014-இல் நான் யாருக்கும் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதியதால் பிழைத்தேன். அந்தக் குறை இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

பழைய வழிகள் திறந்திருப்பதில் ஆபத்தும் உண்டு. அதனால் எடைமேடைக் கணினியை இணையத்தோடு இணைப்பதில்லை. புதுப்பிப்புகளை யுஎஸ்பியில் கொண்டுவந்து, கூடுதலாக வைத்திருக்கும் கணினியில் சீட்டு அச்சடித்துப் பார்த்த பின்னரே அதில் நிறுவுகிறேன். இணையத்தோடு இணைந்திருக்கும் கணக்குக் கணினிக்கோ 16 பிட் ஆதரவை நீக்கிக் கெர்னலைத் தொகுக்கிறேன். 6.7 பதிப்பு முதல் 32 பிட் நிரல்களுக்கான வழியைக் கணினி தொடங்கும்போதே மூடிவிட முடிகிறது. அங்கே அதையும் மூடிவிட்டேன். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் நிரல் ஒன்றுக்காக, நினைவகத்தின் பூச்சிய முகவரியைப் பயனர் நிரல்களுக்குத் திறந்துவிடும்படி ஒருவர் சொன்னார். அதை மட்டும் எந்தக் கணினியிலும் செய்யமாட்டேன். கெர்னலில் எங்கோ இருக்கும் ஒரு சிறு பிழையைக்கூடக் கணினியையே கைப்பற்றும் வழியாக அது மாற்றிவிடும்.

இனி எனக்கிருக்கும் கவலை எடை படிக்கும் அந்த 32 பிட் நிரலைப் பற்றியது. அது நேரத்தை, 1970 முதல் கடந்த நொடிகளின் 32 பிட் எண்ணாக வைத்திருக்கிறது. அந்த எண் 2038-இல் நிரம்பிவிடும். கூடுதல் கணினியின் கடிகாரத்தை 2038 ஜனவரி 19-க்கு நகர்த்தி ஓடவிட்டேன். மலேசிய நேரப்படி காலை 11:14:07 வரை தேதி சரியாக விழுந்தது. அடுத்த நொடியில் கோப்பில் 1901 டிசம்பர் என்று வந்தது. 2038-இல் அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. லோரிகள் நிற்கும் நேரம். 64 பிட் நேரத்துக்கான புதிய அழைப்புகள் (நிரல் கெர்னலிடம் நேரம் கேட்கும் வழிகள்) 32 பிட் நிரல்களுக்கும் 2019-இலேயே கெர்னலில் வந்துவிட்டன. ஆனால் தொகுத்து முடிந்துவிட்ட நிரல் பழைய அழைப்பையே கேட்கும். கெர்னலும் வாக்குத் தவறாமல் பழைய விடையையே தரும். எனவே எடைக் கருவியின் கையேட்டைப் பார்த்து, அதே வேலையைச் செய்யும் 64 பிட் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறேன். சென்ற மாதம் முதல் சீரியல் கம்பியைப் பிரித்து இரண்டு நிரல்களுக்கும் எடையை அனுப்புகிறேன். மாலையில் கடை அடைக்குமுன் இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து, லோரி லோரியாகக் கிலோவைச் சரிபார்க்கிறேன்.