சீஸ்டார் எஸ்50: மொட்டை மாடி வானத்துக்குப் போதுமா?

இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் இந்த ஸ்மார்ட் டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்க ஐபீஸ் கிடையாது. எல்லாம் போன் திரையில்தான். உள்ளே 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத் தூரம், சோனி ஐஎம்எக்ஸ்462 சென்சார். இது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை இந்த மூன்றுமே சொல்லிவிடும். ஒரு பிக்சலுக்குச் சுமார் 2.4 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்). அந்தக் கணக்கில் சூரியன் 800 பிக்சல் அகலத்துக்கு வரும். வியாழன் 20 பிக்சலோடு நின்றுவிடும். சனி வளையத்துக்காக வாங்க நினைப்பவர்கள் வேறு கருவி பார்ப்பது நல்லது.

சூரிய ஃபில்டர் பெட்டியிலேயே வருகிறது. குழாய் சூரியன் பக்கம் திரும்புவதற்கு முன்பே அதை மாட்டிவிட வேண்டும்; மாட்டுமுன் ஒரு பல்புக்கு எதிரே பிடித்து ஊசித்துளை, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கரும்புள்ளிகளும் விளிம்பு மங்கலும் நன்றாகத் தெரிகின்றன, சூரிய விளிம்பில் எழும் சுடர்கள் தெரியாது. உள்ளே இருக்கும், இரண்டு ஒளிப்பட்டைகளை மட்டும் விடும் டூயல்பேண்ட் ஃபில்டரிலும் சுடர்களைக் காட்டும் ஹைட்ரஜன்-ஆல்பா (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி) உண்டே என்று கேட்பவர்கள் உண்டு. அது நெபுலாவுக்கானது (விண்வெளி வாயு மேகம்), அந்தப் பட்டையின் அகலம் 20 நானோமீட்டர். சூரியனுக்கான ஹைட்ரஜன்-ஆல்பா ஃபில்டர்கள் 0.1 நானோமீட்டரை ஒட்டியவை. சூரிய ஃபில்டருக்குப் பதிலாக அதை நம்பினால் சென்சார் போய்விடும்.

படம் எடுக்கக் காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தளம் சூடேறிவிட்டால் சூரிய விளிம்பு கொதிப்பதுபோல அலைபாயும், எந்த ஃபோகஸும் நிற்காது. ஆட்டோ ஃபோகஸை விட, ஒரு கரும்புள்ளியைப் பெரிதாக்கிக் கையால் சரிசெய்வது மேல். ஒரு நிமிட ரா (பதப்படுத்தாத) வீடியோவை, ஃபிரேம்களை அடுக்கிச் சேர்க்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் போட்டால் ஒற்றைப் படத்தைவிடத் தெளிவு கூடும்.

இரவில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல். மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் கருவி என்பதால் வானம் படச் சட்டத்துக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு, வடக்கு-தெற்குக் கோட்டை உச்சியை ஒட்டிக் கடக்கும் பொருள்களில் இது மோசம். சென்னையில் ஓரியன் நெபுலா உச்சத்தில் இருக்கும்போது சுழற்சி மணிக்குச் சுமார் 46 டிகிரி. 30 விநாடி எக்ஸ்போஷரில் சட்டத்தின் மூலையிலுள்ள நட்சத்திரம் 7 பிக்சல் இழுத்துவிடும். அதே நெபுலா ஜனவரி தொடக்கத்தில் இரவு ஏழு மணிவாக்கில் கிழக்கே 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது மணிக்கு 4 டிகிரிதான், இழுப்பு ஒரு பிக்சல்கூட வராது. ஆகவே கிழக்கிலோ மேற்கிலோ இருக்கும்போது பிடியுங்கள். உச்சிக்கு வந்துவிட்டால் 10 விநாடிக்கு இறங்கிவிடுங்கள்.

நகர வெளிச்சத்தில் ஓரியன், கரீனா போன்ற நெபுலாக்களுக்கு டூயல்பேண்ட் ஃபில்டர் உண்மையிலேயே உதவுகிறது. கேலக்ஸிக்கும் நட்சத்திரக் கொத்துக்கும் அதை எடுத்துவிட வேண்டும். மார்கழிப் பனியில் லென்ஸ் ஹீட்டரைப் போட்டே வையுங்கள்; பேட்டரி சீக்கிரம் இறங்கும், டைப்-சி வழியாகப் பவர்பேங்க் கொடுத்தால் போதும்.

ஆப் காட்டும் இறுதிப் படத்தோடு நிற்காமல், ஒவ்வொரு ஃபிரேமையும் சேமிக்கும் அமைப்பை இயக்குங்கள். ஒரு ஃபிரேமின் ஃபிட்ஸ் கோப்பு (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) சுமார் 4 எம்பி. 10 விநாடி வீதம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிபி. உள் நினைவகம் 64 ஜிபி என்பதால் கவலையில்லை. இலவச மென்பொருளான சிரில்லில் மேகம் பட்ட ஃபிரேம்களைக் கழித்துவிட்டு அடுக்கினால் பின்னணி எவ்வளவோ சுத்தமாகிறது.

பின்னால் வந்த ஈக்யூ முறை (கருவியின் அச்சை பூமியின் அச்சுக்கு இணையாக வைப்பது) சுழற்சியை ஒழித்துவிடுகிறது என்பது சரி. ஆனால் அதற்குக் கருவியைத் துருவத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். ஐரோப்பாவில் 40 டிகிரி சாய்த்தால் போதும். சென்னையில் 77, மதுரையில் 80. கிட்டத்தட்டப் படுக்கை. கூடவரும் சின்ன ட்ரைபாட் இந்தச் சாய்வில் குப்புற விழும். கனமான ட்ரைபாட், நல்ல வெட்ஜ் (கருவியைச் சாய்த்துப் பிடிக்கும் தாங்கி), வடக்கு நோக்கி ஒரு கால், நடுவில் தொங்கும் மணல் பை இத்தனையும் இருந்தால் இறங்குங்கள். இல்லாவிட்டால் 10 விநாடி ஃபிரேம்களே போதும்.