கேன்டீனா, கிரவுண்டா, தண்ணீரா: நெல்லைப் பள்ளிகளுக்கு எது கட்டுப்படியாகும்?

பாளையங்கோட்டைப் பக்கம் தனியார் பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் இப்போது இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை: பிள்ளைகள் சின்ன வயதிலேயே குண்டாகிறார்கள், பள்ளி ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்யலாம் என்று கேட்டால் நான்கு யோசனைகள் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வரவழைத்து எடை பார்க்கும் முகாம், கூடவே ஒரு சொற்பொழிவு. கூடுதலாக ஒரு பி.டி. சார். கேன்டீனில் விற்பதை மாற்றுவது. நல்ல குடிதண்ணீர். ஒரு பிள்ளைக்கு எத்தனை ரூபாய், அந்த ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கணக்குக்காக 1,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்கிறேன்.

தனியார் பள்ளி என்று ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், பிரச்சினை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சென்னையில் 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த ஓர் ஆய்வில், எடை கூடியவர்கள் தனியார் பள்ளிகளில் 21.4%, அரசுப் பள்ளிகளில் 3.6%. நெல்லை சென்னை அல்ல. ஆனால் வேனில் போய் வேனில் வந்து, நேரே டியூஷனுக்குப் போகும் பிள்ளையின் நாள் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முகாமும் சொற்பொழிவும்

பைசா செலவில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. பேனர் அவர்களே கட்டுவார்கள், எடை மெஷினையும் அவர்களே கொண்டுவருவார்கள், பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) எழுதிய சீட்டு வீட்டுக்குப் போகும். கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில், 28,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள். 2021-ல் வந்த முடிவு: சீட்டு அனுப்பியதால் எடையில் முன்னேற்றம் எதுவும் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் இருந்த திருப்திதான் குறைந்தது. நம் வகுப்பறைகளில் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ள அந்தச் சீட்டே போதும். அரை நாள் பாடமும் போகிறது. இலவசமாக வந்தாலும் இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

அதற்காகப் பாடம் நடத்துவதே வீண் என்று சொல்ல முடியாது. 1990-களில் பாஸ்டன் பக்கம் நடந்த 'பிளானட் ஹெல்த்' திட்டத்தில் தனியாக யாரும் வந்து பேசவில்லை. இருக்கிற ஆசிரியர்களே கணக்கு, அறிவியல், மொழிப் பாடங்களுக்குள் இந்த விஷயத்தைக் கலந்து இரண்டு வருடம் நடத்தினார்கள். மாணவருக்கு வருடத்துக்கு 14 டாலர்தான் ஆனது. பெண் பிள்ளைகளிடம் உடல் பருமன் குறைந்தது, ஆண் பிள்ளைகளிடம் குறையவில்லை. பெண் பிள்ளைகளிடம் குறைந்ததற்கு முக்கியக் காரணம், டி.வி. பார்க்கும் நேரம் குறைந்தது.

கூடுதல் பி.டி. சார்

மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் வருடத்துக்கு 1,80,000. தலைக்கு 180 ரூபாய். ஆனால் 40 பேர் வீதம் 25 செக்‌ஷன் இருக்கும் பள்ளியில், ஒருவர் வாரத்துக்கு 40 பீரியடும் ஓய்வே இல்லாமல் எடுத்தாலும் ஒரு செக்‌ஷனுக்கு இரண்டு பீரியடுகூடத் தேறாது. அதிலும் பத்தாம் வகுப்பின் பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். ஏப்ரல் மாத வெயிலில் பதினொரு மணிக்கு மைதானத்தில் யாரை ஓடவிட முடியும்?

அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். விளையாட்டு வகுப்பைச் சுறுசுறுப்பாக்கி ஒரு பிள்ளையின் பி.எம்.ஐ.யில் ஒரு புள்ளி குறைக்க ஆகும் செலவு 401 டாலர். பள்ளிக்குள் விற்கும் நொறுக்குத்தீனிக்கும் பானத்துக்கும் தரம் விதித்து அதே ஒரு புள்ளியைக் குறைக்க 6.10 டாலர். இது கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட மதிப்பீடு. அந்த டாலரை ரூபாயாக்கி நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மட்டும் பார்த்தால் போதும்.

சம்பளமே இல்லாத வழியும் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் 2012-ல் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்த 'டெய்லி மைல்': வகுப்பு ஆசிரியரே பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் 15 நிமிடம் ஓடவோ நடக்கவோ விடுவார். யூனிஃபார்ம் மாற்ற வேண்டாம், கருவி வேண்டாம். பர்மிங்காமில் 40 பள்ளிகளில் சோதித்தபோது மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பெண் பிள்ளைகளிடம் மட்டும் சின்னப் பலன் தெரிந்தது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. நம் பள்ளி மைதானங்கள் எட்டாம் வகுப்புக்கு மேல் பையன்களின் கிரிக்கெட்டுக்கே போய்விடுகின்றன. காலைப் பிரேயருக்கு முன்னால் எல்லாரும் நாலு ரவுண்டு நடப்பது என்றால் பெண் பிள்ளைகளும் வருவார்கள். அப்புறம், ஓடியாடுவதன் பலனை எடையை மட்டும் வைத்து அளப்பதும் சரியில்லை. தூக்கம், எலும்பு, மனசு எல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

கேன்டீன்

இங்கேதான் நிஜமான பணம் இருக்கிறது, யாரும் வாய்விட்டுப் பேசாத பணம். கேன்டீனை மாற்றச் செலவே இல்லை என்பார்கள். செலவு உண்டு, அது குத்தகையில் ஒளிந்திருக்கிறது. சிப்ஸ் பாக்கெட் கெட்டுப்போகாது, பப்ஸ் பேக்கரியிலிருந்து டிரேயில் வந்து இறங்கிவிடும், கலர் பாட்டிலுக்கு ஃபிரிட்ஜ் கம்பெனியே கொடுத்துவிடும். சுண்டல் என்றால் முந்தின நாள் ஊறவைக்க வேண்டும், காலையில் வேகவைக்க ஆள் வேண்டும், மிஞ்சினால் சாயங்காலம் கொட்ட வேண்டும். அதனால் கேன்டீன் எடுத்தவர் 'அப்படியென்றால் குத்தகையைக் குறையுங்கள்' என்பார். அது நியாயமான கோரிக்கை. மாதம் 5,000 ரூபாய் குறைத்தால் பத்து மாதத்துக்கு 50,000. பிள்ளைக்கு வருடம் 50 ரூபாய். பி.டி. சாருக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த 50 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? கோலா வகைக் கலரில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி பாட்டில் குடித்தால் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் இதற்குள் நிறுத்துங்கள் என்று சொல்லும் அளவு, பெரியவர்களுக்கே நாளைக்கு 25 கிராம்தான். ஒரு பிள்ளை இன்டர்வெல்லில் அதைத் தாண்டிவிடுகிறது. அதை ஈடுகட்ட எந்த பி.டி. பீரியடும் போதாது. கங்கைகொண்டானில் தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைக்குக் கொடுக்கலாமா என்று 2016, 2017-ல் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்ட ஊர் இது. அந்தப் பாட்டில் பள்ளிக்குள் வருவதைப் பற்றி அவ்வளவு சத்தம் கேட்ட ஞாபகம் இல்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. வாசலுக்கு வெளியே இதை நடைமுறைப்படுத்துவது பள்ளியின் கையில் இல்லை. 60-வது மீட்டரில் கடை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் உள்ளே மாற்றினால் இரண்டு இன்டர்வெல்லும் மதியச் சாப்பாட்டு வேளையும் நம் வசம் வருகின்றன. கடலை மிட்டாய், அவல், மோர், கொய்யா, தை மாதத்தில் பனங்கிழங்கு என்று நம் பக்கம் விற்க ஆயிரம் இருக்கிறது. கடலை மிட்டாயிலும் வெல்லம் இருக்கிறது, சரி. கையளவு கடலை மிட்டாயும் ஒரு பாட்டில் கலரும் ஒன்றாகிவிடாது.

தண்ணீர்

ஜெர்மனியில் டார்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களில் 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, ஒரு பாதிப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் வைத்து, தண்ணீரைப் பற்றி நாலு பாடமும் நடத்தினார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளைகள் நாளைக்கு ஒரு தம்ளர் கூடுதலாகக் குடித்தார்கள். எடை கூடும் ஆபத்து 31% குறைந்தது. நியூயார்க்கில் ஒன்று 1,000 டாலர் அளவிலான குளிர்நீர் எந்திரங்களை வைத்தபோது பலன் இதைவிடச் சின்னதுதான், ஆனால் பத்து லட்சம் மாணவர்களின் கணக்கில் தெரிந்தது: எடை கூடியவர்கள் ஆண் பிள்ளைகளில் 0.9, பெண் பிள்ளைகளில் 0.6 சதவீதப் புள்ளி குறைந்தார்கள்.

இங்கே சுத்திகரிப்பு எந்திரமும் குழாய்களும் சேர்த்து 70,000 ரூபாய் ஆனாலும், ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் பிள்ளைக்கு வருடம் 14 ரூபாய், ஃபில்டர் மாற்றும் செலவு தனி. இலவச முகாமை விட்டால் இதுவே மலிவு. ஆனால் கழிப்பறையைச் சேர்க்காமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. அது நாறினால் பெண் பிள்ளைகள் காலையில் கொண்டுபோன பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுவருவார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லி எத்தனை முறை வாட்டர் பெல் அடித்தாலும் பிரயோசனமில்லை. சுத்தம் செய்ய இன்னோர் ஆள் போட்டால் தலைக்கு ஆகும் செலவு பல மடங்கு ஏறும். ஏறட்டும், அந்த ஆள் எப்படியும் தேவை.

ஆக என் வரிசை: கேன்டீனும் தண்ணீரும் ஒரே ஜோடியாக முதலில், ஏனென்றால் கலரை எடுத்துவிட்டுப் பதிலுக்கு எதுவும் வைக்காவிட்டால் பிள்ளை அந்த 60-வது மீட்டருக்கு ஓடும். அடுத்தது காலை நடை. பி.டி. சார் பணம் மிஞ்சினால்.

அரசுப் பள்ளிக்கு இந்த வரிசை பொருந்தாது. மதிய உணவு 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. ஒல்லிப் பிள்ளையும் குண்டுப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்காரும் இடத்தில், தட்டில் காயைக் கூட்டுவதுதான் இரண்டு பேருக்கும் உதவும் செலவு. சீனாவின் குவாங்சோ நகரில் 40 பள்ளிகளில் மதியச் சாப்பாட்டை மேம்படுத்தி, தாத்தா பாட்டிகளையும் கூப்பிட்டுப் பேசிய திட்டம் 2019-ல் நல்ல பலன் காட்டியது. இங்கிலாந்தில் 54 பள்ளிகளில் சமையல் வகுப்பு, கால்பந்து கிளப், தினம் 30 நிமிடக் கூடுதல் அசைவு என்று எல்லாம் செய்த திட்டத்தில் எடை வித்தியாசமே தெரியவில்லை. வீட்டில் ஆச்சி கையால் சாப்பிடும் பிள்ளைகள் நிறைந்த நம் ஊருக்கு எது பொருந்தும் என்பது தெரிந்ததுதான்.

தனியார் பள்ளிக்காரர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். கேன்டீன் குத்தகையை வருடாவருடம் புதுப்பிக்கும் பள்ளி என்றால் கோடை விடுமுறைக்குள் பேசி முடிக்க வேண்டும். ஜூனில் கடை திறந்த பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்: கலரும் பாக்கெட் சிப்ஸும் கிடையாது, பொரித்த பண்டம் வாரத்தில் ஒரு நாள், சுண்டலோ பழமோ தினமும், அதற்கு ஈடாகக் குத்தகையில் இத்தனை ரூபாய் கழிவு. விலைப்பட்டியலைக் கேன்டீன் வாசலில் ஒட்டுவது கேன்டீன் எடுத்தவர் பொறுப்பு. மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது பெற்றோர் குழுவில் இரண்டு பேர் பொறுப்பு.