தோட்டா: கடையில் வாங்குவதா, நாமே நிரப்புவதா?

ரைஃபிள் தோட்டாவை நாமே நிரப்பினால் பாதிச் செலவுதான் ஆகும் என்று சுடுபவர்கள் சொல்வார்கள். பல தோட்டாக்களுக்கு அது உண்மைதான். ஆனால் எந்தத் தோட்டா, வருடத்துக்கு எத்தனை என்று பார்க்காமல் கருவி வாங்க இறங்கிவிடக் கூடாது.

தோட்டா என்பது நான்கு பொருள்: பித்தளை உறை, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு. பெரும்பாலும் இவற்றில் விலை கூடியது உறைதான். சுட்ட பிறகும் மிஞ்சுவது அது ஒன்றுதான். சேமிப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மிதமான அழுத்தத்தில் சுட்டால் நல்ல உறை ஐந்தாறு முறையாவது தாங்கும். ஆறு முறை நிரப்பினால் உறைச் செலவு ஆறில் ஒன்றாகிவிடும். அழுத்தம் கூடிய தோட்டாக்களில் பிரைமர் குழி சீக்கிரம் தளர்ந்துபோகும், அந்தக் கணக்கும் சுருங்கும்.

மருந்துக் கணக்கு எளிது. ஒரு பவுண்டில் 7000 கிரெயின். சிறிய தோட்டாவான .223 ரெமிங்டனுக்குச் சுமார் 25 கிரெயின் என்றால் 280 தோட்டா வரும். .308 வின்செஸ்டருக்குச் சுமார் 45 என்றால் 155. பெரிய தோட்டாவான .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 70 போனால் 100தான். மருந்து அதிகம் குடித்தாலும் மேக்னத்தை நிரப்புவதில்தான் லாபம் கூடுதல். காரணம், .223 பெருமளவில் தயாராகி மலிவாக விற்கிறது, மேக்னம் அப்படியில்லை. கடையில் அரிதாகக் கிடைக்கும் .303 பிரிட்டிஷ் போன்ற பழைய தோட்டாக்களுக்கும், போட்டிக்கான உயர்தரத் தோட்டாக்களுக்கும் இதே நியாயம்தான். சாதாரணப் பயிற்சிக்கு .223 மட்டும் சுடுபவர் பெட்டியாக வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அப்புறம் கருவிச் செலவு. பிரஸ் என்ற அழுத்தும் கருவி, அதில் பொருத்தி உறைக்கு வடிவம் தரும் டை, தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், உறை வெட்டும் கருவி எல்லாம் சேர்த்து 600 கடைத் தோட்டாவின் விலை ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பாதி மிச்சமானால் 1200 தோட்டா சுட்ட பிறகுதான் முதல் திரும்பும். வேட்டைக்கு வருடம் 40 சுடுபவருக்கு அது 30 வருடம்! வாரம் 50 சுடுபவருக்கு ஆறு மாதம்கூட ஆகாது. எதில் சிக்கனம் பிடித்தாலும் தராசில் மட்டும் வேண்டாம்; மருந்து அளவு தவறினால் துப்பாக்கியும் கையும் போய்விடும்.

நேரத்துக்கு நான் விலை போடுவதில்லை, இந்த வேலை எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர் போட்டே ஆக வேண்டும். ஒரே டை பொருத்தும் பிரஸ்ஸில் உறையைச் சுத்தம் செய்வதிலிருந்து கணக்கிட்டால் மணிக்கு 50 வருவதே பெரிது.

முடிவு எடுக்க முடியவில்லையா? சரி, சுட்ட பித்தளை உறைகளை இன்றிலிருந்தே எடுத்து வைக்கத் தொடங்குங்கள். எஃகு உறையும், உள்ளே பொதுவாக இரண்டு துளை இருக்கும் பெர்டன் பிரைமர் உறையும் நிரப்பத் தோதுப்படாது, அவற்றை ஒதுக்கிவிடலாம். உள்ளே நடுவில் ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை, பத்திரப்படுத்துங்கள்.