காசு கொடுத்துச் செய்தி படித்த அனுபவம்

பல வருடங்களாக ஒரு நாளிதழுக்கு டிஜிட்டல் சந்தா கட்டிப் படிக்கிறேன். இலவசச் செய்திச் செயலிகளும் போனில் உண்டு. இரவில் டிவி விவாதங்களும் நிறையப் பார்த்திருக்கிறேன். இத்தனையும் பழகிய பிறகு, ஒரு செய்தி நிறுவனத்தை எடைபோட நான் முதலில் தேடுவது அது வெளியிடும் திருத்தங்களைத்தான்.

ஒருமுறை இலவசச் செயலியில் ஒரு விபத்து பற்றி பிரேக்கிங் நியூஸ் வந்தது. மாலையில் அதே பக்கத்தைத் திறந்தால் பலி எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. மாற்றினோம் என்று ஒரு வரிகூட இல்லை. காலையில் படித்துப் பத்துப் பேருக்கு அனுப்பியவருக்கு அது எப்படித் தெரியும்? நான் சந்தா கட்டும் இதழிலும் தவறுகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் செய்தியின் அடியில், முன்பு என்ன தவறாக வந்தது, எப்போது திருத்தினோம் என்று தேதியோடு போடுகிறார்கள். அந்த இரண்டு வரிக்காகவே காசு கொடுக்கலாம்.

பெரிய இதழ்களுக்கும் இது சுலபமாக வந்துவிடவில்லை. இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக வந்த தன் செய்திகளில் சில போதிய கண்டிப்போடு சரிபார்க்கப்படவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2004 மே மாதம் ஒப்புக்கொண்டது. போர் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் பக்கத்தில் வந்த செய்திகளுக்கான அந்தக் குறிப்பு உள்பக்கத்தில் வந்தது. ஒரு நாடு போருக்குப் போகலாமா என்று மக்கள் யோசிக்கும் நேரத்தில் தவறான செய்தி எவ்வளவு பெரிய கேடு! பிரிட்டனின் கார்டியன் இதழ் 1997-லேயே வாசகர் புகார்களை விசாரிக்கவும் திருத்தங்களை வெளியிடவும் தனியாக ஒருவரை நியமித்தது. எல்லா இதழிலும் அப்படி ஒருவர் வேண்டும் என்பது என் ஆசை.

சந்தா எதற்குப் போகிறது என்பதும் போகப்போகப் புரிந்தது. அமெரிக்காவில் எதிர்க்கட்சி அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்தில் 1972 ஜூனில் திருட்டுத்தனமாக நுழைந்து பிடிபட்டவர்கள் பற்றிய செய்தியை வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் விடாமல் துரத்தினார்கள். அந்த விவகாரத்தில் 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார். பணக்காரர்களும் அரசியல்வாதிகளும் வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாக மறைத்த சொத்துகளைக் காட்டிய பனாமா ஆவணங்கள் 2016-ல் வெளியாயின, மொத்தம் 1 கோடியே 15 லட்சம். பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சுமார் ஒரு வருடம் வெளியே சொல்லாமல் உட்கார்ந்து படித்தார்கள். அத்தனை நாளும் அவர்களுக்குச் சம்பளம் யாராவது கொடுத்தாக வேண்டுமே.

டிவி விவாதங்களை விட்டுவிட்டேன். நான்கு பேர் ஒருவர் மேல் ஒருவர் கத்துகிறார்கள், சம்பவ இடத்துக்குப் போய் வந்த நிருபர் ஒருவர்கூட அங்கே இல்லை. அப்புறம் எதற்கு?

இந்தச் சந்தாவிலும் மனதுக்கு ஒப்பாத விஷயங்கள் உண்டு. உள்ளாட்சிக் கூட்டம், டெண்டர், கீழ்நிலை நீதிமன்றம் ஆகிய இடங்களுக்கு நிருபர் போவது வருடா வருடம் குறைகிறது. வாக்காளர் உடனடியாகக் கேள்வி கேட்கக்கூடிய இடங்கள் அவைதான். இன்னொன்று, நல்ல செய்தி காசு கட்டினால்தான் திறக்கும் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, வதந்தி இலவசமாகக் கிடைக்கிறது. தேர்தல் சமயத்திலாவது வேட்பாளர் பற்றிய செய்திகளை எல்லோருக்கும் திறந்துவிடலாம். இந்த வருடமும் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். இந்த இரண்டு குறைகளையும் ஆசிரியருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.