எண்ணும் எழுத்தும் வகுப்பறை: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் நேர்ந்த கற்றல் இழப்பைச் சரிசெய்ய, தமிழ்நாடு அரசு 2022 ஜூன் மாதத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு மட்டும் இருந்த இத்திட்டம், 2023-24 கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் என் மகள் இம்முறையில்தான் படிக்கிறாள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

குழந்தைகளை வயதை மட்டும் பார்த்து உட்கார வைக்காமல், அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பது இம்முறையின் அடிப்படை. பாடல், கதை, பொம்மலாட்டம், எழுத்தையோ படத்தையோ காட்டிக் கேட்கும் மின்னட்டை எல்லாம் உண்டு. ஆனால் என்னை முழுமையாக நம்ப வைத்தது கணக்குப் பாடமே. 32இலிருந்து 17ஐக் கழிக்கும்போது 'பக்கத்தில் கடன் வாங்கு' என்ற விதியைக் காரணம் தெரியாமலேயே மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். இங்கே குழந்தையின் கையில் பத்துப் பத்தாகக் கட்டிய மூன்று குச்சிக் கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் இருக்கின்றன. இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாதென்று கண்டதும், அவளே ஒரு கட்டைப் பிரித்துப் பன்னிரண்டு ஆக்கிக்கொள்கிறாள். அதன் பிறகு அந்த விதியை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் எண்ணிக்கை குறைவான பள்ளி என்பதால், முதல் மூன்று வகுப்புகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம் இருக்கின்றன. இது குறை என்றே பலரும் சொல்வார்கள். ஆசிரியர் பற்றாக்குறையை நானும் நியாயப்படுத்தவில்லை. ஆயினும், ஒரு குழந்தையை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அறிந்திருக்கும் ஆசிரியைக்கு, அவள் எந்த எழுத்தில் தடுமாறுவாள், யாருக்கு அருகில் அமர்ந்தால் வாய் திறப்பாள் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. பெரியவர்களிடம் பேசத் தயங்கும் குழந்தைகள்கூட, அவர் தரையில் அமர்ந்து கைப்பொம்மையை நீட்டினால் அதனிடம் கதை சொல்கிறார்கள். பொருட்களை எந்தப் பள்ளியும் வாங்கிவிடலாம். இந்தப் பழக்கத்தை வாங்க முடியாது.

அதனால்தான் இத்திட்டத்தின் மதிப்பீட்டு முறை எனக்கு வருத்தம் தருகிறது. மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலி வழியே நடத்திப் பதிவேற்றும் வேலை, குழந்தைகளோடு செலவிட வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஆசிரியர் சங்கங்கள் இதை வெளிப்படையாகவே எதிர்த்திருக்கின்றன. ஒரே ஆசிரியை என்பதால், அவர் பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் குச்சிக் கட்டுகள் பெட்டியிலேயே கிடக்கின்றன.

வீட்டுப்பாட நோட்டைப் பார்த்து முன்னேற்றத்தை அளக்க விரும்பும் பெற்றோருக்குத் தொடக்கத்தில் இம்முறை நிறைவளிக்காது. மற்றவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேர்க்கைக்கு முன், தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு கணக்கு வகுப்பை நேரில் பாருங்கள். சேர்த்த பிறகு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குத் தவறாமல் சென்று, இன்னோர் ஆசிரியர் வேண்டுமென்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.