டாஃப்ட் பங்க் டிவிடி: இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு பொத்தான் குறைவாக

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த டிவிடி பிளேயர் பத்து நாள் கழித்து வீடு வந்து சேர்ந்தது. லென்ஸ் புதிது. தட்டை உள்ளே தள்ளினால் முன்பு போல முக்கி முனகாமல் உடனே படிக்கிறது. 35 யூரோ வாங்கினார்கள். வேலையின் சுத்தத்தைப் பார்த்தால் அது நியாயமான கூலிதான். ஆனால் என் பழைய ரிமோட் திரும்பி வரவில்லை. கடையில் எங்கோ தவறிவிட்டதாம். பதிலுக்கு, எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தும் என்று ஒரு பொது ரிமோட்டைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். அதில் ஏறக்குறைய ஐம்பது பொத்தான்கள் இருக்கின்றன. ஒரே காட்சியை வேறு கேமராக் கோணத்துக்கு மாற்றும் 'ஆங்கிள்' என்ற பொத்தான் மட்டும் இல்லை.

கடைத் தம்பியிடம் சொன்னேன். "ஆங்கிளை யார் அண்ணா அழுத்துகிறார்கள்?" என்று கேட்டார்.

நான் அழுத்துகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே ஒரு தட்டுக்காக அழுத்திக்கொண்டிருக்கிறேன். டாஃப்ட் பங்க் என்ற இருவர் கொண்ட பிரெஞ்சு மின்னணு இசைக் குழு தங்கள் முதல் ஆல்பத்தின் காணொளிகளைத் தொகுத்து வெளியிட்ட டிவிடி அது. நாய்கள், ஆண்ட்ராய்டுகள் (மனித உருவ ரோபோக்கள்), தீயணைப்பு வீரர்கள், தக்காளிகள் என்று அதன் தலைப்பு விரியும். அந்த நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'டாஃப்ட்' வரும். யூரோ நாணயம் கைக்குப் புதிதாக வந்த 2002 இல், பாரிஸின் வடக்கே ஒரு பழைய தட்டுக் கடையில் 12 யூரோ கொடுத்து வாங்கினேன். உறையின் ஒரு மூலை அப்போதே உடைந்திருந்தது. தட்டில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

பிளேயருக்கு 35 யூரோ செலவழித்தேன் என்று கேள்விப்பட்ட என் மருமகன், "மாமா, இதெல்லாம் தொலைபேசியிலேயே இருக்கிறதே, எதற்கு இந்தச் செலவு?" என்று கேட்டான். அவனுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கோபத்தில் இருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் தக்காளி. 'ரெவல்யூஷன் 909' என்ற பாடலுக்கு ரோமன் கொப்போலா இயக்கிய காணொளி இது. பாடலின் பெயரில் இருக்கும் எண், ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-909 என்ற தாள இயந்திரத்தைக் குறிக்கிறது. இரவில் இளைஞர்கள் கூடி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ் வருகிறது. பாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் கட்டளை. ஓடும் பெண் ஒருத்தியை ஒரு போலீஸ்காரர் மறிக்கிறார். அவள் கண் அவருடைய காலரில் இருக்கும் சிவப்புக் கறையில் விழுகிறது. அங்கிருந்து கதை திரும்பி ஒரு தக்காளி விதைக்குப் போகிறது. விதை முளைக்கிறது, செடி காய்க்கிறது, பழத்தைப் பறிக்கிறார்கள், அது ஊர் தாண்டிக் கடைக்கு வருகிறது, ஒரு பெண் அதை வாங்கிப்போய்க் குழம்பு காய்ச்சுகிறாள், அது ஒரு டப்பாவில் ஏறி அந்தப் போலீஸ்காரர் கைக்கு வந்து, சாப்பிடும்போது காலரில் சிந்துகிறது. கதை மீண்டும் அந்த நிமிடத்துக்கு வரும்போது அவர் குனிந்து கறையைப் பார்க்கிறார். அந்த ஒரு கணத்தில் அவள் தப்பிவிடுகிறாள்.

இதை நான் முதன்முதலில் தொலைக்காட்சியில் பார்த்தபோது பிரான்ஸில் தங்க அனுமதிக்கும் வதிவிட அட்டை என்னிடம் இல்லை. ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் தக்காளிக் குழம்பு காய்ச்சுவதுதான் வேலை. காலை பத்து மணிக்கு நறுக்கத் தொடங்கினால் புளிப்பு விரல் இடுக்கெல்லாம் ஏறி எரியும். வேலை முடிந்து நள்ளிரவில் மெட்ரோ வாசலைக் கடப்பதுதான் அந்த நாளிலேயே கடினமான பகுதி. அங்கே போலீஸ் நின்றால் வேறு வாசலைத் தேட வேண்டும். அப்படி இருந்த ஒருவனுக்கு முன்னால், ஒரு போலீஸ்காரரின் காலரில் தக்காளிக் குழம்பு சிந்தியிருப்பதை ஒருவர் படமெடுத்துக் காட்டியிருக்கிறார். அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். நால்வர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கறையைக் காய்ச்சியவன் நான் என்று தோன்றியது. பல மாதங்கள் வரை சீருடையைக் கண்டால் என் கண் முதலில் காலருக்குத்தான் போனது.

பிரெஞ்சு உள்துறை 1995 இலேயே ரேவ் எனப்படும் மின்னணு இசை நடனக் கூட்டங்கள் ஆபத்தானவை என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அந்தக் காலத்தின் கோபம்தான் அந்தக் காணொளிக்குள் இருக்கிறது. ஆனால் கொப்போலா கோபத்தைக் கத்திச் சொல்லவில்லை. விதையிலிருந்து காலர் வரை ஒரு தக்காளிக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்திருக்கிறார். உணவுக்குப் பின்னால் எத்தனை கைகள் என்று தெரிந்த மனிதர்கள் எடுத்த படம் என்றே இன்றும் நினைக்கிறேன். சமையலறையை விட்டு நான் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் வருடத்துக்கு நான்கைந்து முறையாவது அதைப் பார்க்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய 'டா ஃபங்க்' பற்றி எல்லோருக்கும் தெரியும்: நாய்த் தலையுடைய சார்லஸ் ஊன்றுகோலோடு, உரக்கப் பாடும் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் இரவில் நொண்டி நடக்கிறான். சிறுவயதில் பக்கத்து வீட்டில் இருந்த பியாட்ரிஸைச் சந்திக்கிறான். சாப்பிட அழைக்கிறாள். இருவரும் பேருந்துக்குப் போகிறார்கள். ரேடியோ கூடாது என்று பேருந்தில் எழுதியிருக்கிறது. அவள் உள்ளே, அவன் வெளியே. கதை அவ்வளவுதான். ஒரு பாடல் காணொளியில் பாட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பேச்சை முன்னால் வைத்த துணிச்சலை இன்றுகூட அதிகம் பேரிடம் பார்க்க முடியவில்லை. புதிய ஊரில் முதல் ஆண்டைக் கழித்த யாருக்கும் அந்தப் பேருந்து நிறுத்தம் மறக்காது. அதே சார்லஸ் 'ஃப்ரெஷ்' காணொளியில் கடற்கரைப் படப்பிடிப்பில் நடிகனாக வருகிறான். அவன் நன்றாக இருக்கிறான் என்று பார்ப்பதற்காகவே அதைப் போடுவேன்.

'அரவுண்ட் தி வேர்ல்ட்' மிஷெல் கோந்த்ரி இயக்கியது. நடன அமைப்பு பிளாங்கா லி. பாடலின் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குழு ஆடுகிறது. ரோபோக்கள் குரல், மம்மிகள் தாள இயந்திரம், எலும்புக்கூடுகள் கிட்டார், உயரமான விளையாட்டு வீரர்கள் பேஸ் எனும் தாழ்சுருதி ஒலி, நீச்சலுடைப் பெண்கள் கீபோர்டு. பேஸ் படி ஏறினால் வீரர்கள் படி ஏறுகிறார்கள், இறங்கினால் இறங்குகிறார்கள். ஆல்பத்தில் ஒரே வரி 144 முறை வரும் பாடல் அது. காது சலித்துப்போகும் இடத்தில் கண் வேலை செய்யத் தொடங்குகிறது. இசை படிக்காத என் மனைவிக்குப் பேஸ் என்றால் என்ன என்று நான் புரியவைத்தது இந்தக் காணொளியை வைத்துத்தான். செப் ஜானியாக்கின் 'பர்னிங்' காணொளியை மட்டும் என்னால் விரும்ப முடியவில்லை. டி.ஜே. ஸ்னீக், டெரிக் கார்ட்டர், பால் ஜான்சன் என்று சிகாகோவின் 'ஹவுஸ்' என்ற நடன இசை வகைக் கலைஞர்கள் விருந்தாளிகளாக வந்து போகிறார்கள். அவர்களுக்குச் செய்த மரியாதை அழகு, படம் நீளம்.

இவ்வளவையும் தொலைபேசியில் பார்க்கலாம், மருமகன் சொல்வது உண்மை. ஆனால் கடைசிப் பாடலைத் தட்டில் இருப்பது போல அங்கே பார்க்க முடியாது.

'ரோலிங் அண்ட் ஸ்க்ராச்சிங்', லாஸ் ஏஞ்சலஸின் மாயன் அரங்கில் 1997 இல் அவர்கள் நேரடியாக வாசித்தது. தட்டில் அது 9 கோணங்களில் இருக்கிறது. டிவிடியின் வரையறை அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கையே 9தான். அவர்கள் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஒலி ஒன்று, படம் ஒன்பது. ஆங்கிள் பொத்தானை அழுத்த அழுத்த அடுத்த கேமராவுக்குத் தாவலாம். பாட்டு அறுபடாது. எங்கே பார்ப்பது என்பதை இயக்குநர் முடிவு செய்யவில்லை. என் கட்டைவிரல் முடிவு செய்தது. கூட்டத்தைப் பார்க்கும்போது மேடையில் ஏதோ நடக்கிறது என்ற தவிப்பு இருக்கும். மேடைக்குத் தாவினால் கூட்டம் கை தூக்கும் இடம் போய்விடும். அரங்கில் நிற்பவனுக்கு இருக்கும் அதே தவிப்பு. எந்த இடத்தில் எங்கே தாவுவது என்று எனக்கென்று ஒரு வரிசையே உருவாகியிருந்தது. அதை எழுதி வைக்கவில்லை, விரலுக்குத் தெரியும்.

பின்னாளில் அவர்களுக்கு அடையாளமாகிவிட்ட ரோபோ ஹெல்மெட்டை அப்போது அவர்கள் அணியத் தொடங்கவில்லை. 2006, 2007 ஆண்டுகளில் பிரமிடு மேடையோடு உலகம் சுற்றியபோது அந்த நிகழ்ச்சியை அவர்கள் படமாக வெளியிடவில்லை; ரசிகர்கள் எடுத்த பதிவுகளே அந்த அனுபவத்துக்கு நெருக்கமானவை என்று கருதினார்கள். 2021 பிப்ரவரியில் பிரிந்தும் விட்டார்கள். ஆகவே அவர்களுடைய மேடையை என் வீட்டில் வைத்துப் பார்க்க என்னிடம் இருப்பது இந்த ஒரு பாடல்தான். அதற்கு ஒன்பது கதவுகள் இருந்தன. இப்போது ஒன்று மட்டும் திறந்திருக்கிறது.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். பிளேயர் பழுதானதே இந்தப் பாடலால்தான் வெளியே தெரிந்தது. ஒன்பது படங்களும் தட்டில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு துண்டுகளாகக் கோத்து எழுதப்பட்டிருக்கும். ஒரு கோணத்தைப் பார்க்கும்போது லேசர் அதன் துண்டைப் படித்துவிட்டு மற்ற எட்டையும் தாண்டிக் குதிக்க வேண்டும். நிமிடக்கணக்கில் இந்தக் குதியலே வேலை. லென்ஸ் தளர்ந்தால் மற்றப் பாடல்கள் ஓடும், இது திக்கும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. கடைத் தம்பியிடம் இதைச் சொன்னதும் உடனே புரிந்துகொண்டு சரியான பாகத்தை மாற்றினார். கைத்திறனில் குறையே சொல்ல முடியாது. தாண்டிக் குதிக்கும் லென்ஸை இவ்வளவு அக்கறையாகச் சரிசெய்தவர், அந்தக் குதியலுக்குக் கட்டளையிடும் பொத்தானைத் தொலைத்துவிட்டு யார் அழுத்துகிறார்கள் என்று கேட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

தட்டின் மீதும் குறை இருக்கிறது. இத்தனை படங்களை ஒன்றாக ஓட்ட வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் தரவு குறைகிறது. இருட்டான அரங்கம், மினுக்கும் விளக்குகள். இன்றைய பெரிய திரையில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் இது தெரிந்ததே இல்லை. ஒன்பது கோணங்களை ஒரு பாட்டோடு நிறுத்தியதும் எனக்குப் பழைய மனக்குறைதான்.

இந்த வாரம் முழுவதும் முதல் கோணத்தை மட்டும் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கட்டைவிரல் தானாக எழுந்து, பொது ரிமோட்டின் வெற்றிடத்தில் போய் நின்றது. நான்காவது முறை பாதியில் நிறுத்திவிட்டேன். மருமகனின் மடிக்கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதில் தட்டுப் போடும் வாயே இல்லை.

எனவே என் முடிவு: யாரும் இப்போது இதைத் தேடி வாங்க வேண்டாம். தக்காளிக்காகவோ சார்லஸுக்காகவோ என்றால் தொலைபேசி போதும். அந்த ஒன்பது கோணங்களுக்காக என்றால், அந்தப் பொத்தான் உள்ள ரிமோட்டும் அதற்குப் பணியும் பிளேயரும் கையில் இருந்தால் மட்டுமே யோசியுங்கள். ஒரு பொருளின் உயிரை இன்னொரு பொருளின் மூலையில் இருக்கும் ரப்பர்த் துண்டில் ஒப்படைத்த காலம் அது. அந்தத் துண்டு போனால் எல்லாம் போகிறது.

இதை மருமகனிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் அந்தத் தட்டை எனக்குத் தந்துவிடுங்கள் மாமா, உறை அழகாக இருக்கிறது, சுவரில் மாட்டுகிறேன்" என்றான். தரமாட்டேன் என்று சொன்னேன்.

லியோனில் ஒருவர் என் பிளேயருக்கான அசல் ரிமோட்டை 9 யூரோவுக்கு விற்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலப்பக்கம், கீழிருந்து மூன்றாவது வரிசை: ஆங்கிள். வியாழக்கிழமை வந்து சேரும் என்று செய்தி வந்திருக்கிறது. பேட்டரி இரண்டு வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன்.