வேட்டை ரைஃபிளின் உதையைக் குறைக்கக் குழல் மாற்ற நினைப்பவர்கள் கவனத்திற்கு

கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்குச் செல்லும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவைச் சுடும் ரைஃபிளின் உதை (சுடும்போது தோளில் விழும் பின்னடி) தாங்காமல், அதைவிட வலுக்குறைந்த .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு இறங்க விரும்பிய என்னிடம், "குழலை மட்டும் மாற்றினால் போதும், உதை பாதியாகிவிடும்" என்று ஒரு துப்பாக்கிக் கடைக்காரர் உறுதியளித்து, முழு முன்பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

பழைய குழலைக் கழற்றிய பிறகுதான், போல்ட்டையும் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னாலிருந்து பூட்டும் பகுதி) மாற்ற வேண்டும் என்று தொலைபேசியில் தெரிவித்தார். .300 மேக்னம் தோட்டாவின் அடிப்பகுதி ஏறத்தாழ 13.5 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது; .308 தோட்டாவின் அடிப்பகுதியோ 12 மில்லிமீட்டர்தான். ஒன்றைப் பிடிக்கும் போல்ட் முகம் மற்றொன்றைப் பிடிக்காது என்பது இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் முதல் நாளே தெரியும். அடுத்து, புதிய தோட்டா ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் குட்டையாக இருப்பதால் மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) சரியாக ஏறவில்லை என்று அதற்கும் தனியாகப் பணம் கேட்டார். துப்பாக்கி பிரிந்து கிடக்கும் நிலையில் வாடிக்கையாளர் மறுக்க மாட்டார் என்ற கணக்கில்தான் இவை ஒவ்வொன்றாக வெளிவந்தன என்றே நான் கருதுகிறேன். மொத்தச் செலவில் ஒரு நல்ல புதிய .308 ரைஃபிளையே வாங்கியிருக்கலாம்.

வேலை முடிந்து வந்த துப்பாக்கியில் பழைய குழலின் தடிமன் இல்லை. அதே தடிமன் வேண்டும் என்று நான் எழுத்தில் கேட்டிருந்தும், மெல்லிய, குட்டையான குழலைப் பொருத்தியிருந்தார்கள். உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் மாறுவது: எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு கூடும். சுமார் 35 ஜூலிலிருந்து 21 ஜூலுக்கு இறங்கியிருக்க வேண்டிய உதையில் ஒரு பகுதியை இப்படித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். குழல் குட்டையானதால் வாய்ப்பகுதியின் வெடிச்சத்தமும் காதுக்கு நெருங்கிவிட்டது.

குழலைத் தொடாமலே செய்யக்கூடியவற்றைப் பற்றி அந்தக் கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதே எனக்கு மிகுந்த கோபம் தருகிறது. 180 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்குப் பதிலாக 150 கிரெய்ன் எடையுள்ள இலகுவான குண்டு, உதை குறைவாக வரும்படி வெடிமருந்து குறைத்துத் தொழிற்சாலையிலேயே நிரப்பிய தோட்டாக்கள், தோளில் வைக்கும் கட்டையின் பின்முனையில் நல்ல ரப்பர் பட்டை, கட்டைக்குள் சிறிது எடை சேர்ப்பது ஆகியவை எல்லாம் குழல் மாற்றும் செலவில் சிறு பங்கில் முடிந்துவிடும். குழல் வாயில் பிரேக் (வெளியேறும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளையிட்ட உலோகத் துண்டு) பொருத்தினால் உதை கணிசமாகக் குறையும். ஆனால் சுடுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் சத்தம் மிகக் கடுமையாகும் என்பதால் காதுக் கவசம் இல்லாமல் அதைப் பயன்படுத்தவே கூடாது. குழலை மாற்றித்தான் தீர வேண்டும் என்றால், போல்ட், மேகசின், குழலின் தடிமன், நீளம், முடிந்த பின் துப்பாக்கியின் மொத்த எடை ஆகிய அனைத்தையும் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் பின்னர் தெரிந்தது. வேறொரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காட்டியபோது, தோட்டாவின் இடத்தில் வைத்தால் போல்ட் மூடக்கூடாத நோ-கோ கேஜ் என்ற அளவுகருவியின் மீது என் ரைஃபிளின் போல்ட் தங்குதடையின்றி மூடிக்கொண்டது. ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் குழலில் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அளவுக்கு மீறி இருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த நிலையில் சுட்டால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். புதிய குழலின் மேல் எந்தத் தோட்டாவுக்கானது என்ற முத்திரையும் இல்லை. பல அளவுத் தோட்டாக்கள் இருக்கும் வீட்டில் இது பேராபத்து.

பணத்தைத் திரும்பப் பெற எழுத்துமூலம் கோரியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இதேபோல் குழல் மாற்றி வாங்கியவர்கள், மாற்றிய கடைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் ஹெட்ஸ்பேஸை அளக்கச் செய்யும்வரை அந்தத் துப்பாக்கியில் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம்.